ஊர்ச் சமையல் நூலை நாமே அச்சிட்டு விற்பது: அம்பாசமுத்திரத்துச் சகோதரிக்கு ஒரு பதில்

அம்பாசமுத்திரத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே தெருவைச் சேர்ந்த பதினெட்டுப் பெண்கள், தங்கள் ஆச்சிமாரிடம் கற்ற 140 சமையல் குறிப்புகளை நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் புத்தகமாக்கி விற்று, வரும் பணத்தில் ஊர் நூலகத்துக்கு அலமாரியும் நூல்களும் வாங்கித் தர எண்ணுகிறார்கள். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று, பணம் கட்டினால் ஆயிரம் பிரதி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கட்டலாமா, எத்தனை பிரதி போடலாம், என்ன விலை வைக்கலாம், எங்கே விற்பது என்பவையே அவருடைய கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால், கட்ட வேண்டாம். ஐந்நூறு பிரதிக்கு மேல் போகாமல் நீங்களே அச்சிடுங்கள். பாளையங்கோட்டையில் ஊர் வரலாறு, கோயில் மலர், குடும்ப நினைவு நூல் போன்ற சிறு வெளியீடுகளுக்குப் பல ஆண்டுகளாக மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழை) திருத்தியும் அச்சகங்களோடு பேசியும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட நூலை வாங்குபவர் முகமறியாத வாசகர் அல்லர். அந்தப் பதினெட்டு வீடுகளில் சாப்பிட்டவர்களும், அந்த வீடுகளிலிருந்து பெண்ணெடுத்தவர்களும், அந்தத் தெருவை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போனவர்களுமே அதை வாங்குவார்கள். அவர்களை உங்களுக்குத் தெரியும், பதிப்பகத்துக்குத் தெரியாது. எழுதும் முறை, அச்சிடும் எண்ணிக்கை, விலை, விற்பனை ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

இது புதிய வழியும் அன்று. எஸ். மீனாட்சி அம்மாள் தம் ‘சமைத்துப் பார்’ நூலை 1951-இல் தாமே வெளியிட்டார். அந்த நூல் இன்றும் கிடைக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1864-இல், மரியா மாஸ் என்ற பெண்மணி போர்வீரர்களின் மருத்துவ உதவிக்காகப் பிலடெல்பியாவில் நடந்த சந்தைக்கென ஒரு சமையல் நூலைத் தொகுத்துத் தந்தார். அதன் பிறகு அங்கே தேவாலயங்களையும் மாதர் சங்கங்களையும் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கான நூல்களை அவ்வாறே தொகுத்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் திரட்டினார்கள். அந்த நூல்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைத் தந்தவரின் பெயர் இருக்கும். பெயர் அச்சானவர் தம் பிள்ளைகளுக்கென்று நான்கு பிரதியாவது வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் பெயரை விட்டுவிடாதீர்கள். குறிப்பைத் தந்தவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார் என்ற மூன்றையும் ஓரிரு வரியில் கொடுங்கள்.

தலைப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘திருநெல்வேலிச் சமையல்’ என்று பெரிதாகப் பெயர் வைக்காதீர்கள். திருநெல்வேலிச் சீமையின் சமையல் ஒன்றல்ல. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் சைவ வீடுகளின் சமையல் ஒரு வகை. மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளின் சமையல் வேறு. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரங்கள் வேறு. உவரிக் கடற்கரையில் மீன்குழம்புக்குக் கூட்டும் அரைப்பு வேறு. ஒரு தெருவின் சமையலை மட்டும் வைத்துக்கொண்டு சீமை முழுவதற்கும் பெயர் சூட்டினால், விடுபட்டவர்கள் நியாயமாகவே வருந்துவார்கள். உங்கள் தெருப் பெயரையோ ஊர்ப் பெயரையோ வையுங்கள். அப்படிச் செய்தால் வாங்குவோர் குறைவார்கள் என்று அஞ்ச வேண்டாம். வெளியூரில் இருக்கும் ஒருவர் தம் தெருப் பெயரை அட்டையில் பார்த்தால் எடுத்துப் பார்க்காமல் போகமாட்டார்.

இனி, எல்லாரும் அவசரப்பட்டுக் கடந்துபோகும் வேலைக்கு வருகிறேன். நோட்டில் இருப்பது குறிப்பு அன்று, நினைவூட்டல். ‘உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு ஓர் உழக்கு அரிசி, தேங்காய் கொஞ்சம், பூண்டு தேவைக்கு’ என்று ஆச்சி எழுதியிருந்தால் அது அவருக்குப் போதுமானது; மும்பையில் இருக்கும் பேத்திக்குப் போதாது. நான்கு உழக்கு ஒரு நாழி என்று வாய்பாடு சொல்லும். ஆனால் ஒரு வீட்டுப் பித்தளை உழக்கும் அடுத்த வீட்டு உழக்கும் அளவில் ஒத்திருப்பது அரிது. ஆகையால் ஒவ்வொரு வீட்டு உழக்கையும், கரண்டியையும், டம்ளரையும் எடுத்து, அரிசியையும் பருப்பையும் அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, கிராமிலும் மில்லிலிட்டரிலும் எழுதுங்கள். பழைய அளவையும் நீக்க வேண்டாம்; ‘ஓர் உழக்கு’ என்பதை அடுத்துக் கிராம் கணக்கு இருக்கட்டும். தேங்காயிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஒரு தேங்காய்’ என்று எழுதினால் கடைக்குக் கடை அளவு மாறும். துருவிய பின் எத்தனை கிராம் என்று எழுதினால்தான் சொதி எல்லா வீட்டிலும் ஒரே பதத்தில் வரும்.

சொதியையே எடுத்துக்கொள்வோம். காய்களும் வறுத்த பாசிப்பருப்பும் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேக வேண்டும். முதல் பாலைக் கடைசியில் விட்டபின் கொதிக்க விடக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். செய்து பழகிய கைக்கு இவை சொல்லாமலே தெரியும் என்பதால் நோட்டில் இருக்காது. இரண்டாம் பாலுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிழிவது, முதல் பால் விட்டபின் எந்தப் பதத்தில் இறக்குவது, கூட வைக்கும் இஞ்சிப் பச்சடிக்குப் புளி எவ்வளவு என்பவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆச்சி சமைக்கும்போது பக்கத்தில் ஒருவர் நோட்டோடு நின்று, அவர் கை போகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அள்ளியதைத் தராசில் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆச்சிக்கு எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதன் பிறகு சோதனைச் சமையல். குறிப்பைத் தந்தவர் தம் குறிப்பைத் தாமே சமைத்துப் பார்ப்பதால் பயனில்லை; விடுபட்டதை அவர் கையே சரிசெய்துவிடும். ஒருவர் எழுதியதை மற்றொருவர், எழுத்தை மட்டும் பார்த்து, எழுதியவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சமைக்க வேண்டும். 140 குறிப்புகளைப் பதினெட்டுப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ எட்டு வரும். வாரத்துக்கு இரண்டு சமைத்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சரியாக வராதவற்றைத் திருத்திப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள். நம்பிச் சமைக்கக்கூடிய நூறு குறிப்புகள் கொண்ட நூலை வாங்கியவர் அடுத்த வீட்டுக்கும் சொல்வார்.

ஊர்ச் சொற்களை மாற்றாதீர்கள். தடியங்காய், சீனியவரைக்காய், நல்லமிளகு, வத்தல், வெஞ்சனம், சிறுகிழங்கு என்று நாம் வழங்கும் சொற்களே நூலுக்கு உயிர். தடியங்காய் என்றால் வெண்பூசணி, சீனியவரைக்காய் என்றால் கொத்தவரங்காய் என்று நூலின் கடைசியில் இரண்டு பக்கச் சொல்விளக்கம் இருந்தால் வடக்கே இருப்பவர்களுக்கும் போதும். மருத்துவப் பெருமை பேசும் வரிகளை மட்டும் நீக்கிவிடுங்கள். உளுந்தங்களி உடம்புக்கு வலு என்று எழுதுவதில் தவறில்லை. இன்ன பண்டம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று எழுதக்கூடாது. நீரிழிவு போன்ற சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் பற்றிய சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், நம் சொல்லை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது.

உரிமையைப் பற்றி உங்களுக்குள் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழம்பில் என்னென்ன சேரும் என்பதும் அதைச் செய்யும் முறையும் யாருடைய தனியுடைமையும் அல்ல. ஆனால் அதை விளக்கி எழுதிய வாசகமும், எடுத்த படமும், எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் உரியவை. அந்த உரிமை அவர்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே பிற நூலிலிருந்தோ யூடியூப் காணொளியின் விளக்கத்திலிருந்தோ ஒரு பத்தியைக்கூட அப்படியே எடுக்கக்கூடாது. பதினெட்டுப் பேரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றே கொள்ளும் என்பதால், கால அளவை மறக்காமல் எழுதுங்கள். வருமானம் நூலகத்துக்கே செல்லும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும். பின்னால் மனத்தாங்கல் வராது.

அச்சுக்கு வருவோம். சிவகாசி பக்கத்தில் இருப்பது நம் சீமைக்கு ஒரு வசதி. அங்கே இரண்டு அச்சகங்களிலும் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்திலும் எழுத்து மூலம் விலைப்புள்ளி கேளுங்கள். டெமி (வழக்கமான நாவல் அளவு), 160 பக்கம், அதாவது 16 பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் ஃபாரம் பத்து. உள்ளே 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேப்லித்தோ தாள், நடுவில் எட்டுப் பக்கம் ஆர்ட் தாளில் வண்ணப் படங்கள், அட்டை 300 ஜி.எஸ்.எம்., பளபளப்பு லேமினேஷன். இந்த விவரங்களைச் சொல்லிக் கேட்டால்தான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும். எல்லாப் பக்கமும் வண்ணத்தில் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். விலை எகிறிவிடும், சமையலுக்கு அது தேவையும் இல்லை. புத்தகத்தைக் கட்டும் முறையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறும் பசை வைத்து ஒட்டிய புத்தகம் அடுப்பு மேடையில் விரிந்து நிற்காது. அழுத்தி விரித்தால் சில மாதங்களில் தாள் கழன்றுவிடும். ஃபாரங்களைத் தைத்துக் கட்டும் தையல் பைண்டிங் கேளுங்கள். எழுத்து 12 புள்ளிக்குக் குறையக்கூடாது. ஒரு குறிப்பு எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் முடிய வேண்டும். மாவு படிந்த கையால் தாளைப் புரட்ட வைக்கக்கூடாது.

நான் மெய்ப்புப் பார்த்த ஒரு நூலில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை அச்சகத்தார் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது, ½ என்ற குறி இருந்த இடமெல்லாம் வெற்றிடமாகிவிட்டது. ‘1½ தேக்கரண்டி’ என்பது ‘1 தேக்கரண்டி’ ஆயிற்று. ‘½ தேக்கரண்டி’ என்பது அளவே இல்லாமல் நின்றது. மாற்றத்துக்கு முன் மெய்ப்புப் பார்த்திருந்தேன், பின் பார்க்கவில்லை. முந்நூறு பிரதியிலும் கையால் திருத்தினோம். அன்றிலிருந்து அரை, கால், முக்கால் என்று எழுத்தாலேயே எழுதச் சொல்கிறேன். அச்சுக்குப் போகும் கடைசிப் பி.டி.எஃப். கோப்பைத் தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் மூலத்தைப் பார்த்து, அளவுகளை மட்டும் தனியாக ஒருமுறை சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பெறுவது எளிது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாக வழங்குகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், தனிமனிதரும் பெறலாம். நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

விலைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். உங்களுக்கு வரும் விலைப்புள்ளியை இதில் பொருத்திக்கொள்ளுங்கள். ஐந்நூறு பிரதிக்கு அச்சுச் செலவு 50,000 ரூபாய், விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறிப்புத் தந்தவர்களுக்கு 18, நூலகங்களுக்கு 4, மதிப்புரைக்கு 8 என்று 30 பிரதி போனால் மீதி 470. அவற்றில் 300 பிரதியை நீங்களே நேரடியாக விற்றால் 75,000 ரூபாய். மீதி 170 பிரதி கடைகள் வழியாக, 35 விழுக்காடு கழிவோடு, அதாவது கடைக்குரிய தள்ளுபடியோடு, போனால் 27,625 ரூபாய். மொத்தம் 1,02,625, அச்சுச் செலவு போக 52,625. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியம், அஞ்சல் எல்லாவற்றையும் இதில்தான் பார்க்க வேண்டும். நேரடியாக விற்கும் முதல் 200 பிரதியிலேயே அச்சுச் செலவு திரும்பிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த இருநூறு பேரை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பெயர் பெயராக எழுதிவிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் முந்நூறு பிரதியோடு நிறுத்துங்கள். ஆயிரம் போட்டால் பிரதிக்கு ஆகும் செலவு குறையும் என்பது உண்மைதான். விற்காத ஐந்நூறு பிரதி யாரோ ஒருவர் வீட்டு மச்சில் பூச்சி அரித்துக் கிடக்கும் என்பதும் உண்மை.

அந்த இருநூறு பேரைப் பிடிப்பதற்கு முன்வெளியீட்டுத் திட்டமே ஏற்றது. நூல் வரும் முன் பணம் கட்டுவோருக்கு 200 ரூபாய் என்று அறிவித்து, ரசீது கொடுத்து, குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் பணம் வாங்குங்கள். பதினெட்டுப் பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு பெயர் கொண்டுவந்தால் 216 ஆகிறது. சலுகை விலையால் மேலே சொன்ன வரவு சற்றுக் குறையும். ஆனால் கடன் வாங்காமல் அச்சகத்துக்கு முன்பணம் கட்டலாம்.

நம் பக்கத்தில் இந்த நூலுக்குப் பெரிய சந்தை புத்தகக் கடை அன்று, கல்யாண வீடு. தாம்பூலப் பையில் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்கும் பதிலாக, பெண் வீட்டு ஊரின் சமையல் நூலை வைக்க விரும்புவோர் இருக்கிறார்கள். நூறு பிரதிக்கு மேல் கேட்பவர்களுக்கு, மணமக்கள் பெயரும் நாளும் அச்சிட்ட ஒரு தாளை முகப்பில் ஒட்டிக் கொடுங்கள். விலையில் 20 விழுக்காடு குறைத்தாலும் கடைக்குக் கொடுக்கும் கழிவைவிட அது குறைவுதான். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் தொடங்கும். மார்கழியில் இல்லை, தையில் தொடங்கும். ஆகையால் ஆடி மாதத்திலோ மார்கழியிலோ நூல் கைக்கு வந்துவிட வேண்டும். வளைகாப்புக்கும் தனிக்குடித்தனம் வைக்கப் போகும் வீடுகளுக்கும் இது ஏற்ற பரிசு.

வெளியீட்டு விழாவுக்கு மேடையும் பொன்னாடையும் வேண்டாம். நூலிலிருந்து ஐந்து பண்டங்களைச் சமைத்து, சொதியோ கூட்டாஞ்சோறோ ஊராருக்கு இலை போட்டுப் பரிமாறி, கை கழுவி வருபவர்களுக்கு முன்னால் நூலை வையுங்கள். அடுத்து, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை, அல்வாக் கடை, கருப்பட்டி விற்கும் கடை, பாத்திரக் கடை ஆகியவற்றில் ஐந்தைந்து பிரதி வைக்கக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஊர்ப் பண்டம் தேடி அங்கேதான் நிற்கிறார்கள். பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவில் ஒரே ஒரு நூலுக்காகத் தனி அரங்கு எடுப்பது வீண் செலவு. அரங்கு எடுத்திருக்கும் நெல்லைப் பதிப்பாளர் ஒருவரிடம் கழிவு பேசிக் கொடுங்கள். பொது நூலகத் துறை நூல்களை வாங்க விண்ணப்பம் கேட்கும்போது அனுப்புங்கள், ஆனால் அந்த ஆர்டரை நம்பி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நூலின் பி.டி.எஃப். கோப்பைப் போடவே கூடாது; ஒருமுறை வெளியே போனால் திரும்பாது. அதற்குப் பதிலாக, ஓர் ஆச்சி தம் குரலில் எள்ளுத் துவையலுக்கு எள் வறுக்கும் பதத்தைச் சொல்லும் ஒரு நிமிடக் காணொளியை வாரம் ஒன்றாக அனுப்புங்கள். நூலோடு பொடி வகைகளையும் சேர்த்து விற்க யாராவது யோசனை சொன்னால், அது வேறு தொழில் என்பதை நினைவில் வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே தொடங்க வேண்டும்.

அஞ்சலைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உண்டு. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களை 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரையான கட்டணத்தில் அனுப்பலாம், வரி தனி. உங்கள் நூல் ஏறத்தாழ 200 கிராம்தான் இருக்கும் என்பதால், மும்பையில் ஓர் உறவினருக்கு இருபது பிரதியை ஒரே கட்டாக அனுப்பி அங்கே பகிரச் சொன்னால் பிரதிக்கு ஐந்தாறு ரூபாய்தான் ஆகும். ஆனால் அந்தச் சேவையில் போகும் நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். வணிக விளம்பரம் இருக்கக்கூடாது. அச்சுச் செலவுக்காகக் கடைக்காரர்களிடம் பக்க விளம்பரம் வாங்கலாம் என்று குழுவில் பேச்சு வந்தால், இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அடுப்பு மேடையில் பல ஆண்டுகள் இருக்க வேண்டிய நூலில் நகைக்கடை விளம்பரம் வேண்டாம் என்பது என் எண்ணம். சமையல் நூலைப் பண்பாட்டு நூலாக ஏற்பார்களா என்பதை, ஒரு மாதிரிப் பிரதியோடு உங்கள் அஞ்சலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கணக்கு ஒருவர் கையிலும் பிரதிகள் இன்னொருவர் கையிலும் இருக்கட்டும். கடைக்குக் கொடுத்த ஒவ்வொரு பிரதிக்கும் கையொப்பம் வாங்கி, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, விற்றதற்குப் பணம் வாங்குங்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் குழுவின் தொலைபேசி எண்ணைப் போட்டு, ‘இந்தக் குறிப்பு உங்கள் வீட்டில் சரியாக வரவில்லையென்றால் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். வரும் திருத்தங்களை ஒரே ஒரு பிரதியில் சிவப்பு மையால் குறித்து வந்தால், இரண்டாம் பதிப்புக்கு அந்தப் பிரதியே மூலம். பதிப்பகத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஒரு தராசு வாங்கிப் பதினெட்டு வீட்டு உழக்கையும் நிறுத்துப் பாருங்கள்.